நர்சிங் முடிக்கற பொண்ணு ரிசர்ச் பண்ணணும்னு சொல்றா, விடலாமா?

வணக்கம்மா. நீங்க அனுப்பினதை ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணு நர்சிங் கடைசி வருஷம், முடிச்ச கையோட வேலைக்கு போயிடுவான்னு நீங்க நெனச்சிட்டு இருக்கும்போது "எனக்கு மனநலத்துல ரிசர்ச் பண்ணணும்"னு நிக்கறா, அவங்க அப்பா பப்ளிக் ஹெல்த் எடுக்க சொல்றார், சித்தப்பா டேட்டா சயின்ஸ்தான் எதிர்காலம்ங்கறார், நீங்க ராத்திரி தூக்கம் இல்லாம "எந்த ஃபீல்டு மேடம் சேஃப்?"னு கேக்கறீங்க. உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது.

ஆனா ஒண்ணு கேக்கறேன். "நீ எதை கண்டுபிடிக்கணும்னு நெனைக்கற?"ன்னு அவகிட்ட யாராவது கேட்டீங்களா? பெரும்பாலான வீட்டுல இதை கேக்கறதே இல்லம்மா. ஃபீல்டு பேரு, டிகிரி பேரு, இடத்தோட பேரு, இதோடயே பேச்சு முடிஞ்சிடுது. ரிசர்ச்ல ஒருத்தரை நாலு அஞ்சு வருஷம் தாங்கி நிறுத்தறது ஃபீல்டு பேரு இல்ல, மனசை விட்டு போகாத ஒரு கேள்விதான். அது இருந்தா மெத்தட், டிகிரி, ஃபீல்டு எல்லாம் அது பின்னாடியே வரும், அது இல்லாம சேர்ந்துட்டு நடுவுல நிக்கற பசங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

நர்சிங்லயே பாருங்க. டோரீன் நார்ட்டன்னு பிரிட்டன்ல ஒரு நர்ஸ். படுத்த படுக்கையா இருக்கற வயசானவங்களுக்கு பெட்சோர், அதாவது படுக்கை புண், வரக்கூடாதுன்னு அந்த காலத்துல ஒவ்வொரு வார்டுலயும் ஒவ்வொரு லோஷன், ஒவ்வொரு க்ரீம்னு தேய்ச்சிட்டு இருந்தாங்க. இதுல எதாவது உண்மையிலேயே வேலை செய்யுதா, யாருக்கு புண் வரும்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு அவங்க கேட்டாங்க, அவ்வளவுதான் கேள்வி. உடம்பு நிலை, மன நிலை, நடமாட்டம், தானா அசையற திறன், மலம் சிறுநீர் அடக்க முடியுதா, இந்த அஞ்சையும் வச்சு மார்க் போடற ஒரு ஸ்கேல் 1962ல வந்துச்சு. புண்ணை தடுக்கறதுல பெரிய விஷயம் தேய்க்கற மருந்து இல்ல, நேரத்துக்கு நேரம் திருப்பி படுக்க வைக்கறதுதான்னும் அந்த வேலைல தெரிஞ்சுது. ஒரு லேப் கூட தேவைப்படாத ஆராய்ச்சி அது, நர்ஸ் தினமும் கண்ணால பாக்கற விஷயத்துலேருந்து வந்த கேள்வி. "நர்சிங்ல என்ன பெரிய ரிசர்ச் இருக்கு"ன்னு உங்க சொந்தக்காரங்க யாராவது கேட்டா இதை சொல்லுங்க.

இப்ப சித்தப்பா சொல்ற டேட்டா சயின்ஸுக்கு வரேன். அவர் சொல்றது தப்பில்ல, ஆனா அதை தனி ரோடா பாக்க வேண்டாம். லிண்டா ஏக்கன், அவங்களும் நர்ஸா இருந்தவங்கதான், 2002ல அவங்க டீம் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல 168 ஆஸ்பத்திரி, பத்தாயிரத்துக்கும் மேல நர்ஸுங்க, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல நோயாளிங்களோட ரெக்கார்டு. ஒரு நர்ஸ் கைல ஒரே ஒரு பேஷண்ட் கூடுதலா வந்தா கூட, 30 நாளுக்குள்ள நோயாளி இறந்துபோற வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் ஏறுச்சு, நர்ஸ் மனசளவுல சோர்ந்து போற பர்னவுட்டோட வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் ஏறுச்சு. இப்ப சொல்லுங்கம்மா, இது நர்சிங்கா, மருத்துவமா, மனநலமா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா? நாலும்தான். நர்ஸுக்கு வேலை பாரம் ஜாஸ்தின்னு வார்டுல எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்பரா வச்சப்ப எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்னு சட்டம் போடற இடத்துல பேச பலம் வந்துச்சு. உங்க பொண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸை பயமில்லாம கத்துக்கட்டும், அது அவ கேள்விக்கு கைல இருக்கற ஆயுதம்.

அதே சமயம் எல்லா கேள்விக்கும் நம்பர்ல பதில் கெடைக்காது. ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னா யாருக்கு குடுக்கறது யாருக்கு இல்லன்னு ஆளை பாத்து முடிவு பண்ணாம குலுக்கல் மாதிரி பிரிச்சு பாக்கணும், 1948ல டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசினை 107 பேர் வச்சு அப்படித்தான் பாத்தாங்க. ஆனா தற்கொலைக்கு முயற்சி பண்ணி பொழைச்ச ஒருத்தர் வீட்டுக்கு திரும்பினதுக்கு அப்புறம் அவங்க வீட்டாளுங்க என்னத்த அனுபவிக்கறாங்கன்னு தெரியணும்னா குலுக்கல் போட முடியாது, பத்து இருபது குடும்பத்தோட உக்காந்து மணிக்கணக்கா பேசணும், பேசினதை வரி வரியா எழுதி திரும்ப திரும்ப படிக்கணும். இது சுலபமான வழின்னு நெனச்சு எடுக்கற பசங்க இருக்காங்க, ரொம்ப தப்பு, கேட்டுட்டு வந்த கதை எல்லாம் மனசுல ஏறி உக்காந்துக்கும்.

மனநலத்துக்குன்னே ஒரு விஷயத்தை நீங்க தெரிஞ்சுக்கணும். டிப்ரஷன் இருக்கான்னு பாக்க பிஹெச்கியூ-9னு ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்க பயன்படுத்தறாங்க, ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3, மொத்தம் 27. அதுல ஒன்பதாவது கேள்வி செத்துப்போனா தேவலன்னு தோணுதா, தன்னை காயப்படுத்திக்கணும்னு தோணுதான்னு கேக்கும். என்கிட்ட வர்ற ஸ்டூடண்ட்ஸ்ல பல பேர் "300 பேர்கிட்ட ஆன்லைன்ல அனுப்பி டேட்டா எடுத்துடுவேன் மேடம்"னு உற்சாகமா சொல்லுவாங்க. நான் ஒண்ணுதான் கேப்பேன், அந்த ஒன்பதாவதுல ஒருத்தர் 'கிட்டத்தட்ட தினமும்'னு போட்டா அன்னைக்கு ராத்திரி நீ என்ன பண்ணுவ? பேர் கூட தெரியாத ஆளை எப்படி போய் பாப்ப? அப்படியே அமைதியாயிடுவாங்க. ஆய்வுல கலந்துக்கறவங்களுக்கு தீங்கு வராம பாக்கற எத்திக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு ஏன் இருக்குன்னு அப்பதான் புரியும். உங்க பொண்ணுக்கிட்ட இதே கேள்வியை கேட்டு பாருங்க, அவ பதில்ல அந்த ஆள் மேல அக்கறை தெரிஞ்சா அவ இந்த வேலைக்கு ஏத்தவ.

இதுல பெருசா செய்யவும் முடியும்மா. ஜிம்பாப்வேல மனநல டாக்டருங்க விரல்விட்டு எண்ற அளவுதான், டிக்சன் சிபாண்டான்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் அங்க உள்ள பாட்டிகளுக்கு ட்ரெய்னிங் குடுத்து, கிளினிக் வாசல்ல பெஞ்சு போட்டு, மனசு உடைஞ்சு வர்றவங்களோட அவங்களை பேச வச்சார். 573 பேரை வச்சு முறையா ட்ரையல் நடத்தி 2016ல ரிசல்ட் வந்துச்சு, பாட்டிகளோட பேசினவங்களுக்கு ஆறு மாசத்துல அறிகுறி நல்லா குறைஞ்சிருந்துச்சு. நல்ல மனசு பல பேருக்கு இருக்கும், அதை அளந்து காட்டினதாலதான் மத்த நாடுகளும் எடுத்து செய்யறாங்க. அவங்க அப்பா சொல்ற பப்ளிக் ஹெல்த்தும் இதுக்குள்ளயே இருக்கு பாருங்க.

சரி, உங்க பயத்துக்கு வரேன். பிஹெச்டின்னா மூணுலேருந்து அஞ்சு வருஷம், சில சமயம் அதுக்கும் மேல. மாசாமாசம் உதவித்தொகை தர்ற ஸ்டைபெண்டோ ஃபெல்லோஷிப்போ இல்லாத சீட்டுக்கு கடன் வாங்கி சேர்க்காதீங்க, இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன். அப்புறம் மனசு. 2018ல 26 நாட்டு ரிசர்ச் ஸ்டூடண்ட்ஸ் 2,279 பேர்கிட்ட கேட்ட சர்வேல 39 சதவீதம் பேருக்கு மிதமான அளவுலேருந்து கடுமையான அளவு வரைக்கும் டிப்ரஷன் அறிகுறி இருந்துச்சு, நான் மேல சொன்ன அதே ஒன்பது கேள்விய வச்சுதான் பாத்தாங்க. விருப்பப்பட்டவங்க மட்டும் பதில் சொன்ன சர்வே அது, அதனால அந்த நம்பரை எல்லாருக்கும் அப்படியே ஒட்டக்கூடாது, ஆனா கஷ்டப்பட்டவங்கள்ல பாதி பேர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டற கைடு உண்மையா துணை நிக்கலன்னு சொன்னாங்க, அதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். அதனால இடத்தோட பேரை விட கைடு யாருன்னு பாருங்க. அவர்கிட்ட இப்ப படிக்கற ரெண்டு பேர், முடிச்சுட்டு போன ஒருத்தர், இவங்ககிட்ட பொண்ணு தனியா பேசட்டும். "லீவு கேட்டா என்ன சொல்லுவார், டிராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திருப்பி தருவார், பேப்பர்ல யார் பேர் முதல்ல வரும்"னு கேக்க சொல்லுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க தயங்கினாலே பாதி தெரிஞ்சிடும்.

பணம் கட்டுனா ஒரு வாரத்துல உங்க ஆய்வு கட்டுரையை எங்க பத்திரிகைல பேப்பரா போட்டுடறோம்னு மெயில் வந்தா தொடவே வேண்டாம். ஒருதடவை அதுல பேர் வந்துட்டா அழிக்க முடியாது.

நேரா ரிசர்ச்சா, முதல்ல வேலையான்னு கேட்டிருந்தீங்க. என் அபிப்ராயம், ரெண்டு வருஷம் வார்டுல வேலை பாக்கட்டும், முடிஞ்சா மனநல வார்டுல. இது உங்களை சமாதானப்படுத்த சொல்றதில்ல. சிசிலி சாண்டர்ஸ் நர்ஸா ஆரம்பிச்சு, முதுகு வலியால அதை விட்டு, ஆஸ்பத்திரி சமூக சேவகியா வேலை பாத்து, அப்புறம் மருத்துவம் படிச்சு 1957ல டாக்டரானவங்க. சாகப்போற நோயாளிகளோட வலி உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுன்னு அவங்களால சொல்ல முடிஞ்சதுக்கு காரணம் அத்தனை வேலைலயும் அந்த கட்டில் பக்கத்துல நின்னதுதான். 1967ல லண்டன்ல சாகப்போற நோயாளிகளை பாத்துக்க அவங்க ஆரம்பிச்ச ஹாஸ்பிஸ்லேருந்துதான் வலியை குறைச்சு ஆறுதலா பாத்துக்கற இன்னைக்கு இருக்கற பாலியேட்டிவ் கேர் வளந்துச்சு. உங்க பொண்ணுக்கும் வார்டுல கழியற ரெண்டு வருஷம் வீணாப்போகாது, கேள்வி அங்கதான் கெடைக்கும், கைல சம்பளமும் இருக்கும்.

இந்த ஒரு மாசம் ஒண்ணு மட்டும் பண்ண சொல்லுங்க. டியூட்டி முடிஞ்சு வந்ததும் அன்னைக்கு "இது ஏன் இப்படி நடக்குது"ன்னு தோணின ஒரு விஷயத்தை நோட்ல ஒரே வரில எழுதட்டும். முப்பது வரி சேரட்டும். எந்த வரி வேற வேற நாள்ல திரும்ப திரும்ப வந்திருக்குன்னு அவளே கோடு போடட்டும், அதை பத்தி பப்மெட்ல, அதாவது மருத்துவ ஆய்வு கட்டுரைகளை தேடற வெப்சைட்ல, தேடி ஏற்கனவே யார் என்ன பாத்திருக்காங்கன்னு அஞ்சு பேப்பரோட சுருக்கம் படிக்கட்டும், அது ஃப்ரீதான். அப்புறம் அந்த நோட்டோட ரெண்டு பேரும் வாங்கம்மா, அவங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்.