வெறுப்பைப் பேசவும் உரிமை உண்டா?

கேள்வி: ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதையே கொள்கையாகக் கொண்ட குழுக்களுக்கும் ஊர்வலம் போக உரிமை உண்டு என்பது, இழிவுக்கு ஆளாகிறவர்களுக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் தடை விதிக்கும் அதிகாரம் நாளை யார் மீது பாயும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1977இல், சிகாகோவை அடுத்த ஸ்கோக்கி என்ற ஊரில், சின்னஞ்சிறு நாஜிக் கட்சி ஒன்று சீருடையில் திரளப் போவதாக அறிவித்தது. ஹிட்லரின் வதைமுகாம்களில் உயிர்தப்பிய யூதர்கள் பலர் குடியிருந்த ஊர் அது. ஊர்வலம் நடத்துவோர் 3,50,000 டாலருக்குக் காப்பீடு காட்ட வேண்டும், கட்சிக்காரர்கள் ராணுவப் பாணிச் சீருடை அணியக் கூடாது என்றெல்லாம் ஊர் நிர்வாகம் அவசரமாக விதிகளை இயற்றியது. அவற்றை எதிர்த்து நாஜிகளுக்காக வாதாடிய டேவிட் கோல்ட்பெர்கரே ஒரு யூதர். அவரை அனுப்பிய, பேச்சுரிமை போன்ற குடிமை உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்கச் சங்கத்திலிருந்து (ACLU) ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள். பிடிவாதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் கறுப்பினத்தவரின் சமவுரிமை ஊர்வலங்களை முடக்க அமெரிக்கத் தென் மாநிலங்கள் கையாண்டதும் இதே மாதிரி விதிகளைத்தான். தென் கரோலினாவில் அமைதியாக ஊர்வலம் சென்ற 187 கறுப்பின மாணவர்கள் மீதான 'அமைதிக் குலைப்பு'த் தண்டனையை 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அதே பேச்சுரிமையின் பேரில்தான். நீதிமன்றங்கள் ஸ்கோக்கியின் விதிகளை ரத்து செய்தன; இத்தனை அமளிக்குப் பிறகு அந்தக் கட்சி அங்கே வரவே இல்லை, 1978இல் சிகாகோவில் கூடிக் கலைந்தது.

எனினும் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவர் தொடர்பான 1969ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் வழக்கில், உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நிகழக்கூடிய நிலையும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தன் வரலாற்றில் சூடுபட்ட ஜெர்மனியோ, மக்களில் ஒரு பிரிவினர் மீது வெறுப்பைத் தூண்டுவதையே குற்றமாக்கி, நாஜிச் சின்னங்களையும் தடை செய்திருக்கிறது. அந்த நாடு அப்படிச் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் 'மனம் புண்பட்டது' என்பதையே அளவுகோலாக்கினால், பெரும்பான்மையினரின் மனமே எளிதில் புண்படும், சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் வலுவற்றவராகவே இருப்பார் என்பது என் கணிப்பு.

கேள்வி: துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால்கூட வசைபாடலாமா?

பதில்: போரில் இறந்த அமெரிக்க வீரர் ஒருவரின் இறுதிச்சடங்கு நடந்த இடத்துக்கு அருகே வெஸ்ட்போரோ என்ற சிறு கிறிஸ்தவ சபையினர் வசைப் பதாகைகளுடன் நின்றார்கள், வீரரின் தந்தை நஷ்டஈடு கேட்டார். பொதுப் பிரச்சினை பற்றிப் பொது இடத்தில் பேசியது என்று கூறி, 2011இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் சபைக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. மாறுபட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ ஒருவர்தான். என் மனம் அவர் பக்கம் சாய்கிறது, அறிவு மற்ற எட்டுப் பேர் பக்கம் நிற்கிறது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் வசையைத் தடை செய்யவில்லை. ராணுவ இறுதிச்சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் 300 அடிக்குள் இடையூறு செய்வதைத்தான் தடுத்தது.