தம்பெரே வாடகை முன்பணம்: புகாரில் எந்தச் சொல்?

ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் அறை விளம்பரம் போட்டவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார், போலீஸ் புகாரில் ‘சீட்’ (ஏமாற்றுதல்) என்பதற்கு ஃபின்னிஷ் மொழியில் ‘பெத்தா’ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஒருவர் உங்களை ‘பெத்தா’ செய்தார் என்றால் காதலில் துரோகம் என்றுதான் முதலில் படும். வாசிக்கும் போலீஸ்காரர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார்!

‘மினுஅ ஹுய்யத்தீன்’ என்று எழுதுங்கள்: ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ‘ஸ்கேம்’ என்பது ‘ஹுய்யவுஸ்’. ‘ஃபிராட்’ குற்றத்தின் சட்டப் பெயர் ‘பெத்தோஸ்’. குற்றவியல் சட்டத்தின் 36ஆம் அத்தியாயம், அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. ‘யெக்கு’ வெறும் குறும்பு, அது இங்கே ஒட்டாது.

விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அழியுமுன் படம் பிடித்து வையுங்கள். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், இன்றே.