ஈறுக்கு ஆகும் பேஸ்ட்: நீங்கள் கேட்டவை

நான் ஈறு நோய் பார்க்கிற பல் மருத்துவர். கிருமி எதிர்ப்பு பேஸ்ட் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், கிருமியைக் கொல்லும் பேஸ்ட் என்று விளம்பரம் போடுகிறார்களே, நிஜமாகவே ஏதாவது குறையுமா?

குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. இதில் அதிகம் சோதிக்கப்பட்டது டிரைக்ளோசான் என்ற மருந்தும் அதைப் பல்லில் ஒட்டி நிற்க வைக்கும் ஒரு கோபாலிமரும் சேர்ந்த ஃபுளோரைடு பேஸ்ட். 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பின் அறிக்கை) 30 ஆய்வுகளை, மொத்தம் 14,835 பேரை, ஒன்றாக எடுத்துப் பார்த்தது. மருந்து இல்லாத சாதாரண ஃபுளோரைடு பேஸ்டோடு ஒப்பிட்டால் பிளேக், அதாவது பல்லில் படிகிற ஊத்தை, 22% குறைவு. ஈறு வீக்கமும் 22% குறைவு. ரத்தம் கசியும் இடங்கள் 48% குறைவு.

கேள்வி: அப்படியென்றால் 100 பேரில் 22 பேருக்குச் சரியாகிவிடும், அப்படித்தானே?

இல்லை, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அது ஆள் கணக்கு இல்லை, மதிப்பெண் கணக்கு. பல்லில் சாயம் தடவி ஊத்தை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று 0 முதல் 5 வரை போடுவார்கள். அதில் சராசரி வித்தியாசம் 0.47, அரைப் புள்ளிகூட இல்லை. ஈறுக்கு 0 முதல் 3 வரை போடும் அளவில் 0.27. உங்கள் வீட்டுக் கண்ணாடியில் இது தெரியாது. ஆனால் ரத்தக் கசிவு பாதியாகக் குறைவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: நான் இரண்டு வாரம் போட்டேன், ரத்தம் நின்றுவிட்டது. பேஸ்ட்தானே காரணம்?

புது பேஸ்ட் வாங்கியவர் பழைய மாதிரியா தேய்ப்பார்? இரண்டு நிமிடம் நின்று, ஈறு ஓரமெல்லாம் பார்த்துத் தேய்த்திருப்பீர்கள். 1965-இல் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் பழையபடி ஆகிவிட்டது, எந்த விசேஷ மருந்தும் இல்லாமல். அதனால்தான் நல்ல ஆய்வில் எல்லோருக்கும் முதலில் சுத்தம் செய்துவிட்டு, டியூப் மேல் வெறும் வெள்ளைத் தாளைச் சுற்றி, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியாமல் வைத்து, ஆறு மாதம் பார்க்கிறார்கள். முதல் சில வாரம் இரண்டு குழுவுமே ஆய்வில் இருக்கிறோம் என்று ஒழுங்காகத் தேய்க்கும், சோம்பல் வந்த பிறகுதான் பேஸ்டின் வேலை தனியாகத் தெரியும்.

கேள்வி: டிரைக்ளோசானைத் தடை செய்துவிட்டார்களே சார்?

2016-இல் அமெரிக்க எஃப்டிஏ (அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) தடுத்தது கை கழுவும் சோப்புகளில். சாதாரண சோப்பைவிட மேல் என்று நிரூபிக்கவில்லை என்பது காரணம். பேஸ்டை அப்போது தொடவில்லை. பிறகு 2019-இல் கோல்கேட் தானாகவே தன் டோட்டல் பேஸ்டில் இருந்து டிரைக்ளோசானை எடுத்துவிட்டு, அமெரிக்காவில் ஸ்டேனஸ் ஃபுளோரைடு என்ற வெள்ளீயம் சேர்ந்த ஃபுளோரைடுக்கு மாறியது. ஆக, 2013 எண்களை இன்றைய டியூபுக்கு அப்படியே ஒட்டாதீர்கள், உள்ளே இருப்பது வேறு.

கேள்வி: குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கூடச் சேர்க்கலாமா?

அது கிருமியைக் கொல்லும் கொப்பளிப்பு மருந்து. குறுகிய காலத்துக்கு, டாக்டர் சொன்னால். நீடித்தால் பல் பழுப்பாகும், ருசி மாறும். தேய்த்த உடனே கொப்பளிக்காதீர்கள், பேஸ்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அரை மணி இடைவெளி விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 60 வயது, முன்பல் ஆடுகிறது. எந்த பேஸ்ட் வாங்கட்டும்?

எதுவும் வேண்டாம், முதலில் அழைத்துக்கொண்டு போங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருந்தால் அடியில் இருக்கும் காரைக்கு எந்த பேஸ்டும் எட்டாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும்.