அந்த ஹார்ட் டிஸ்கை வாங்க வேண்டாம்

கேள்வி: சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹெரால்டு லாய்டு மூவரின் படங்களையும் பேரனோடு உட்கார்ந்து பலமுறை பார்த்தாயிற்று. அதே காலத்தில் வேறு சிரிப்பு நடிகர்களும் இருந்தார்கள் என்று படித்துவிட்டு யூடியூபில் தேடினேன். எல்லாமே மங்கலாக இருக்கிறது, ஆட்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள், சிரிப்பு வரவில்லை. ‘அரிய ஊமைப்படங்கள் 400’ என்று ஒருவர் ஹார்ட் டிஸ்கில் போட்டு 4,500 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, வாங்காதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இதே மாதிரி ஒரு டிஸ்கை நண்பர் ஒருவர் வாங்கிவந்தார். ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். 400 என்பது ஃபைல்களின் கணக்கு, படங்களின் கணக்கு அல்ல. அந்தக் காலத்துக் குறும்படங்களை வாங்கி விற்றவர்கள் மறுபடி வெளியிடும்போதெல்லாம் பெயரை மாற்றிவிடுவார்கள். சாப்ளின் 1914இல் எடுத்த ‘டோ அண்ட் டைனமைட்’ என்ற பேக்கரிப் படம் ‘தி டோநட் டிசைனர்’ என்றும் ‘தி குக்’ என்றும் சுற்றியது. அதே ‘தி குக்’ என்ற பெயரில் 1918இல் ராஸ்கோ ஆர்பக்கிளும் கீட்டனும் நடித்த வேறொரு படம் இருக்கிறது. தொலைந்தே போயிற்று என்று எல்லாரும் கைவிட்டிருந்த அந்தப் படம் 1998இல் நார்வேயில் கிடைத்தது. நண்பரின் டிஸ்கில் ‘தி குக்’ இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் பேக்கரிதான்!

அப்புறம் பில்லி வெஸ்ட். மீசை, தொப்பி, கைத்தடி, அந்த வாத்து நடை எல்லாம் அப்படியே சாப்ளினைப் பார்த்துச் செய்து பிழைத்தவர். ‘எங்கும் கிடைக்காத சாப்ளின் படம்’ என்று யாராவது காட்டினால் முதலில் இவர்மேல் சந்தேகப்படுங்கள். ஆள் திறமைசாலி, அதை மறுக்கவில்லை. அவருடைய படங்கள் சிலவற்றில் முரட்டு வில்லனாக வருபவர் யார் தெரியுமா? பிற்பாடு லாரலோடு ஜோடி சேர்ந்த ஆலிவர் ஹார்டி. ஆனால் வெஸ்டை வெஸ்ட் என்று சொல்லி விற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், நம் சட்டப்படி சினிமாவுக்குக் காப்புரிமை வெளியானதிலிருந்து 60 வருடம்தான். 1920களின் படங்களுக்கு அது முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிற வியாபாரம் இது. இதே ஆசாமிகள் கல்லூரித் திரைப்படச் சங்கங்களுக்குப் போய் ‘திரையிடும் உரிமைக் கட்டணம்’ என்றும் ஒரு தொகை கறப்பதுண்டு. ரசீது கேட்டால் ஃபோனை எடுக்க மாட்டார்கள். எங்கள் சங்கமே ஒருமுறை கொடுத்து ஏமாந்தது. அந்த 3,000 ரூபாய்க்குக் கணக்குத் தணிக்கையில் விளக்கம் எழுதியவன் நான்தான்.

சரி, யூடியூபில் ஏன் சிரிப்பு வரவில்லை? பெரும்பாலும் குற்றம் நடிகர்மேல் இல்லை, வேகத்தின்மேல். அன்றைக்குக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16லிருந்து 20 சட்டம் (ஃபிரேம்) வரை பதிவாகும். பேசும்படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலைத்துவிட்டது. 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிக வேகத்தில் நடப்பார்கள். 1,000 அடி ரீல் ஒன்று 18இல் கிட்டத்தட்ட 15 நிமிடம் ஓடும். 24இல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நான்கு நிமிடத்தில்தான் நடிகர் திரும்பிப் பார்ப்பார், யோசிப்பார், முகம் மாறும். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. யூடியூபில் வேகத்தை 0.75 என்று வைத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 24இல் 18 என்பது சரியாக முக்கால்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சிரிப்புப் படம் எடுத்தவர்கள் துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றினார்கள். மெதுவாகச் சுற்றினால் பதிவாகும் சட்டங்கள் குறைவு, அதனால் திரையில் வேகம் கூடும். ஆக அந்தக் காட்சி வேகமாகத்தான் இருக்க வேண்டும். ஒரே படத்தில் வரவேற்பறைக் காட்சி ஒரு வேகத்திலும் கார் துரத்தல் வேறு வேகத்திலும் எடுக்கப்பட்டிருக்கும். கார் பறக்கிறதே என்று அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தால், அடுத்த காட்சியில் கணவனும் மனைவியும் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி ஆகிவிடும். காரைப் பார்க்காதீர்கள், சாதாரணமாக நாற்காலியில் உட்காருகிற ஒருவரைப் பாருங்கள். அவர் உட்காருவது நீங்களும் நானும் உட்காருவது போல இருந்தால் வேகம் சரி. புதுப்பித்து வெளியிட்ட பிரதிகளில் இதை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். அங்கே கைவைக்க வேண்டாம்.

இப்போது ஒரு புதிய தொல்லை கிளம்பியிருக்கிறது. ஏஐ மூலம் வண்ணம் பூசி, நொடிக்கு 60 சட்டமாக்கிப் போடுகிறார்கள். முகம் மெழுகுபோல் வழிகிறது. தலைப்பில் ‘4கே’, ‘கலர்’, ‘60’ என்று பார்த்தாலே நகர்ந்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? படப் பெயரை வைத்துத் தேடாமல் ஆளின் பெயரை வைத்துத் தேடுங்கள். என் முதல் ஆள் சார்லி சேஸ். அவருடைய ‘மைட்டி லைக் எ மூஸ்’ (1926) இரண்டே ரீல். கணவனுக்கு எத்துப்பல், மனைவிக்குப் பெரிய மூக்கு. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். வெளியே சந்திக்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை, காதல் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்! கடைசியில் பழைய கணவனும் புதுக் காதலனும் அடித்துக்கொள்வதாக மனைவியை நம்பவைக்க, சேஸ் தனி ஆளாக இருவராகவும் மாறிமாறி வந்து தன்னோடு தானே சண்டை போடுவார். இதற்கு, அந்தக் காலத் தயாரிப்பாளர் மாக் சென்னட்டின் பாணி அடிதடி, கேக் வீச்சு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து மாக்ஸ் லிண்டர், பிரெஞ்சுக்காரர். சாப்ளினே ஆசான் என்று மதித்தவர். ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ (1921) படத்தில் வேலைக்காரர்கள் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிட்டு, எஜமானரைப் போல வேடம் போட்ட ஆளைச் சட்டத்துக்குள் நிற்கவைப்பார்கள். லிண்டர் சவரம் செய்ய வருவார். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ரேமண்ட் கிரிஃபித்தின் ‘ஹேண்ட்ஸ் அப்!’ (1926) அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்த படம். சுட்டுக்கொல்ல நிறுத்தப்பட்டவர் தட்டுகளை மேலே வீசுவார், வீரர்கள் தட்டைச் சுடுவார்கள். கிரிஃபித்துக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வரும், அதனால் பேசும்படத்தில் நிற்க முடியவில்லை. 1930இல் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ படத்தில் குழிக்குள் சாகும் பிரெஞ்சுச் சிப்பாயாக, ஒரு வார்த்தை பேசாமல் நடித்தார். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அமெரிக்காவோடு நின்றுவிடாதீர்கள். சோவியத்தில் புதோவ்கின் 1925இல் எடுத்த ‘செஸ் ஃபீவர்’ அரைமணிக்கும் குறைவு. கல்யாண நாளை மறந்து சதுரங்கத்தில் மூழ்கிய மாப்பிள்ளையின் கதை. உலகச் சாம்பியன் காபாபிளாங்காவே நேரில் வருவார். செஸ் பைத்தியம் பிடித்த நம் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. டென்மார்க்கின் நெட்டை–குட்டை ஜோடியான ‘ஃபூ அண்ட் பி’ படங்கள், லூபிட்ஷ் ஜெர்மனியில் எடுத்த ‘தி ஆய்ஸ்டர் பிரின்சஸ்’ (1919) இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பிரதி எங்கே? ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ‘ஐ’ (Eye) திரைப்பட அருங்காட்சியகத்தின் யூடியூப் பக்கம், டேனிஷ் திரைப்பட நிறுவனத்தின் இலவச ஊமைப்படத் தளம் – இந்த இரண்டே பல மாதத்துக்குப் போதும். இத்தாலியின் போர்தெனோனே ஊமைப்பட விழா 1982இல் மாக்ஸ் லிண்டர் படங்களோடு தொடங்கியது. 2020 முதல் விழாவின் ஒரு பகுதியை இணையத்திலும் காட்டுகிறார்கள். அக்டோபரில் பாருங்கள்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ப்ளூ-ரேயில் நாம் ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’ மண்டலம். பணம் கட்டி, சுங்க வரி கட்டி, வந்த பெட்டியைத் திறந்தால் நம் பிளேயர் ஓட்டாமல் போகலாம். நூறு வயதான, காப்புரிமை தீர்ந்த படத்துக்கு எதற்கு ஐயா எல்லைக் கோடு? ஸ்ட்ரீமிங்கிலும் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று ஒரு பலகையை மாட்டிவிடுகிறார்கள். நம் ஊர்க் காப்பகங்களில் கேட்டால் கடிதம் கொடு, முத்திரை வை, நோக்கம் எழுது. ‘சிரிப்பதற்காக’ என்று ஒருமுறை எழுதினேன், விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தக் காலப் படங்கள் பதிவான நைட்ரேட் ஃபிலிம் தானாகவே பற்றியெரியும், கூழாகும். 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது லாயிட் ஹாமில்டன் என்ற அருமையான நடிகரின் படங்களும் ஏராளமாகப் போயின. அமெரிக்க ஊமை முழுநீளப் படங்கள் 10,919இல் முழுமையான அசல் 35 மில்லிமீட்டர் பிரதியாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 அறிக்கை சொல்கிறது. மிஞ்சியதையும் பூட்டிவைத்தால் என்ன செய்வது!

இன்று இரவுக்குப் பேரனோடு ஒன்று பார்க்க வேண்டுமா? ‘லெயோன்தீனின் படகு’ என்று தேடுங்கள், 1911, பாத்தே நிறுவனத்தின் பிரெஞ்சுப் படம், சில நிமிடம்தான். ஒரு சுட்டிப் பெண்ணுக்குப் பொம்மைப் படகு கிடைக்கிறது. அதை மிதக்கவிட வீடு முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். படம் முடிந்ததும் உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.