அஸ்வெசும காசை எதற்குச் செலவழிப்பது?

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. கணவர் கொழும்பில் கடை வேலை. மகள் எட்டாம் தரம் படிக்கிறாள், மகனுக்கு மூன்று வயது. இலங்கை அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவிக் காசு மாதம் 10,000 ரூபாய் அவருடைய கணக்குக்கு வருகிறது. "இந்தக் காசில் சீட்டுக் கட்டவா, மகளை டியூஷனுக்கு அனுப்பவா, சின்னவனுக்குச் சத்தாக ஏதாவது வாங்கவா? சும்மா வருகிற காசு ஆளைச் சோம்பேறியாக்கும், கடைசியில் சாராயத்துக்குத்தான் போகும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசுகிறார்கள். இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

சகோதரி, சின்னவனின் சாப்பாடு முதலில், மகளின் பள்ளிக்கூடம் அடுத்து, சீட்டு கடைசியில். டியூஷனை இப்போதைக்கு ஒத்திப்போடலாம் என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த லயத்துப் பேச்சு. உங்களைக் கூச்சப்பட வைக்கும் அந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எங்கும் ஏழைக் குடும்பங்களுக்குக் காசாகவே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியான 19 ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உதவிக் காசால் குடியும் புகையிலையும் கூடியதாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்தே இருந்தது. சோம்பல் பற்றிய கேள்வியை அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை வைத்துச் சோதித்தார்கள். காசு வாங்கியவர்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதாக எங்கும் தெளிவான அடையாளம் இல்லை. நீங்கள் அன்றைய வேலைக்குப் பெயர் போடாமல் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். 10,000 ரூபாயை நம்பி யாரும் மலை ஏறுவதை நிறுத்துவதில்லை.

இனி சாப்பாடு. 2016இல் எடுத்த சனத்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்றே வைத்துக்கொள்ளலாம். இது நம் இரத்தத்திலேயே ஊறியது என்று சிலர் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே கோபம் வரும். காரணம் வறுமை, தாயின் உடல்நிலை, தண்ணீர், தட்டில் விழும் சாப்பாடு.

உயரத்தைத் தீர்மானிக்கும் முக்கியமான காலம் கருவில் இருந்து இரண்டு வயது வரை. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் எடைக்கும், இரத்தச்சோகையைத் தடுப்பதற்கும், அடிக்கடி காய்ச்சல் வராமல் இருப்பதற்கும் இன்னும் நிறையச் செய்யலாம். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் என்பதுதான் அநேகமான வீடுகளில் பிள்ளைக்கும் கிடைப்பது. அந்தச் சாயத்தண்ணியை முதலில் நிறுத்துங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது இது. அப்புறம் தினம் ஒரு முட்டை, சோற்றோடு பருப்பு, வாரத்தில் சில நாள் நெத்தலி, கிடைக்கிற கீரை. மகனின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மருத்துவிச்சியிடம் நிறை பார்த்து வாருங்கள். எடைக் கோடு கீழே போனால் திரிபோஷா என்ற சத்துமாவுக்குக் கேளுங்கள். அதைப் பிள்ளைக்கு மட்டுமே கொடுங்கள், வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் யாருக்கும் பலன் இல்லை.

மகளின் விஷயத்தில் டியூஷனைவிட, அவள் மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பஸ் காசு இல்லாத நாள், சப்பாத்து கிழிந்த வாரம், மாதவிடாய் நாட்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திய நாட்கள். இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு இடமான பிள்ளைக்காம்பராவில் மகனை விட முடியும் என்றால் மகளை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

மொரோக்கோவில் ஒரு திட்டம் நடந்தது. "இது பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லிச் சிறிய தொகை கொடுத்தார்கள். பள்ளிக்குப் போனால்தான் காசு என்று சில ஊர்களில் கண்டிப்பு வைத்தார்கள், சில ஊர்களில் வைக்கவில்லை. கண்டிப்பு இல்லாத ஊர்களிலும் பிள்ளைகள் படிப்பை விடுவது நன்றாகக் குறைந்தது. ஆகவே காசு எடுத்த அன்றைக்கே ஓர் உறையில் "பள்ளிக்கூடம்" என்று எழுதி, பஸ் காசையும் கொப்பிக் காசையும் அதில் போட்டு வையுங்கள். கடைக் கடனைத் தீர்க்கவும் அதைத் தொடாதீர்கள். மலாவியில் 13 முதல் 22 வயதுப் பெண்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்ததில், நிபந்தனை எதுவும் இல்லாமல் வாங்கியவர்களிடையே இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைந்தன. எட்டாம் தரத்தில் மகளை வைத்திருக்கும் தாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை.

சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய திட்டத்தில் காசு தாய்மாரின் கையில் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாங்கிய ஒவ்வொரு பெசோவிலும் ஏறக்குறைய கால்வாசியைக் கோழி, ஆடு, நிலம் என்று வருமானம் தரும் விஷயங்களில் போட்டார்கள், மீதி சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் போனது. உங்கள் லயத்தில் இடம் இருந்தால் நாலு கோழி வளர்ப்பது சீட்டைவிட நல்லது, முட்டைச் செலவும் குறையும். சீட்டில் உள்ள சிக்கல், கொழுந்து குறைந்து நாள் சம்பளத்துக்கான பெயர் விழாத மாதத்திலும் கட்டித்தான் ஆகவேண்டும். அந்த மாதம் சின்னவனின் முட்டைக் காசுதான் சீட்டுக்குப் போகும். கட்டுவதென்றால் தோட்டச் சம்பளத்தில் தாங்கக்கூடிய சின்னச் சீட்டாகக் கட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 1,000 ஏழைத் தாய்மாரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டொலரும் மற்றவர்களுக்கு 20 டொலரும் கொடுத்தார்கள். கூடுதலாக வாங்கிய தாய்மார் பிள்ளைகளுக்குக் கூடச் செலவழித்தார்கள். ஆனால் நாலு வயதில் பிள்ளைகளின் பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் வித்தியாசம் தெரியவில்லை. காசு மட்டும் பிள்ளையைக் கெட்டிக்காரன் ஆக்கிவிடாது. அது பசியையும் கடனையும் தள்ளி வைக்கிறது. அதற்காகவே அது கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. மகனோடு பேசுவதற்கும் கதை சொல்வதற்கும் நேரம் ஒதுக்குவது வேறு வேலை, அதற்குக் காசு தேவையில்லை.

கடைசியாக அலுவலக விஷயம். 2023 யூலையில் முந்திய சமுர்த்தி உதவிக்குப் பதிலாக வந்த இந்த அஸ்வெசும திட்டத்தில் படிப்பு, சுகாதாரம், வருமான நிலை, சொத்து, வீடு, குடும்ப அங்கத்தவர்கள் ஆகிய ஆறு விஷயங்களை வைத்துத்தான் வகுப்புப் பிரிக்கிறார்கள். நீங்கள் இருப்பது வறியவர் என்ற வகுப்பு. மிக வறியவர்களுக்கு 17,500 ரூபாய். ஒரே காம்பராவில் மாமியார் குடும்பத்தோடு இருந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால், தனிக் குடும்பமாகப் பதிந்திருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். தகவல் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தால் தவறவிட வேண்டாம். தோட்டத்துக்குக் கடிதம் பிந்தி வரும் என்பதால் பிரதேச செயலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதே நல்லது. மேன்முறையீடு கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்கி, வங்கிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.