ரிவர்ஸ் போட்டால் கறகறக்கிறது: கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் மூன்று டன் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறோம். இரண்டு வாரமாக ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று அரைக்கிறது, முதல் கியரும் மல்லுக்கு நிற்கிறது. பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்தால் விழுந்துவிடுகிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் எந்தத் தகராறும் இல்லை. பொமென் (மெக்கானிக்), கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது, கியர் பாக்ஸையும் இறக்கிப் பார்க்க வேண்டும், 3,800 வெள்ளி ஆகும் என்கிறார். செய்துவிடலாமா? (பத்தாங் பெர்ஜுந்தை வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. இந்த வாரம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஊருக்கு 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நீங்கள் பழைய பெயரை எழுதியதில் எனக்குச் சந்தோஷம். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட தென்னமரம் உங்கள் பக்கம்தான். அத்தனை காலமாகக் குலை ஏற்றும் ஊரில் இன்னமும் கிளட்ச் என்றாலே தட்டு என்று நினைக்கிறார்கள்.

கிளட்ச்சுக்கு இரண்டே வேலை. காலை எடுத்தால் இன்ஜினைப் பிடிக்க வேண்டும், மிதித்தால் விட வேண்டும். தட்டு தேய்ந்த வண்டி பிடிக்காது: மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். உங்கள் லோரி பிடிக்கிறது. விடத்தான் மாட்டேன் என்கிறது. இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுவதால் கியர் பாக்ஸ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு மூன்று தடவை மிதித்ததும் சரியாகிறது என்றீர்களே, அந்த ஒரு வரி போதும். பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே போகும் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பம்ப்பில் ஒரு ரப்பர் தளர்ந்திருக்கிறது. தேய்ந்த தட்டு நீங்கள் எத்தனை தடவை மிதித்தாலும் சரியாகாது.

நாளைக் காலை இன்ஜின் சூடாவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கிளட்ச் எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பிரேக்கில் பட்டை தேயத் தேய எண்ணெய் மட்டம் இறங்கும். கிளட்ச்சில் தட்டு தேய்ந்தால் மட்டம் இறங்காது. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளே குறைவு. அப்புறம், பெடலுக்கு மேலே தடி இன்ஜின் பக்கத்துத் தகட்டுச் சுவருக்குள் நுழைகிற இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் கசிவது மேல் பம்ப், அதாவது பெடல் தள்ளுகிற பம்ப். வண்டிக்கு அடியில் போய்க் கீழ் பம்ப்பின் (கிளட்ச்சைத் தள்ளுகிற பம்ப்) ரப்பர் தொப்பியை மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கீழ் பம்ப். அங்கேயே இருந்துகொண்டு அப்பாவைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள் (இன்ஜின் அணைந்திருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்). கீழ் பம்ப்பின் தடி சட்டென்று நீள வேண்டும். அது அரைகுறையாக நகர்ந்தாலும், நகர்ந்துவிட்டு மிதித்த கால் மிதித்தபடி இருக்கும்போதே மெல்ல உள்ளே போனாலும், கோளாறு பம்ப்பில். தடி நன்றாக நீண்டும் கியர் அரைக்கிறது என்றால் மட்டுமே கியர் பாக்ஸை இறக்கும் பேச்சு.

பம்ப் ரப்பர் செட் சில பத்து வெள்ளி. பம்ப்பையே மாற்றினாலும், காற்று எடுக்கும் கூலியைச் சேர்த்தாலும், 3,800 பக்கத்தில்கூடப் போகாது. எண்ணெய் டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பதுதான். அவசரத்துக்கு இன்ஜின் எண்ணெய் ஊற்றினால் அன்று மாலைக்குள் ரப்பரெல்லாம் ஊதிவிடும், பிறகு இரண்டு பம்ப்பும் குழாயும் போகும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட் உரியும்.

இனி ஒரு விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பம்ப் மாற்றிய பிறகு ஒரு புதுத் தொல்லை வரலாம். காலையில் வண்டி நன்றாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல், பாரத்தோடு மேடு ஏறும்போது பிடிக்காமல் வழுக்கும். ஆலை வரிசையில் அரை மணி நேரம் நின்று ஆறினால் மறுபடி சரியாகும். உடனே "நான்தான் தட்டு என்று சொன்னேனே" என்று ஒருவர் வந்து நிற்பார். தட்டு இல்லை. மேல் பம்ப்புக்குள் ஒரு சின்னத் துளை உண்டு; காலை எடுத்ததும் எண்ணெய் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். பெடல் தடியைக் கொஞ்சம் நீளமாக வைத்துப் பூட்டிவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் எண்ணெய் விரியும், திரும்பிப் போக வழி இல்லாமல் கிளட்ச்சைத் தானே தள்ளும். நீங்கள் நாள் முழுக்கப் பெடலில் கால் வைத்து ஓட்டுவதும் இதுவும் ஒன்று. வழுக்கும்போதே ஓரமாக நிறுத்தி, கீழ் பம்ப்பின் காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திறந்து பாருங்கள். எண்ணெய் பீச்சி அடித்து, திருகை மூடியதும் வண்டி பிடித்துக்கொண்டால் தட்டைத் தொட வேண்டாம், தடியைச் சரிசெய்தால் போதும். பெடலை விரலால் அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டர் சும்மா போக வேண்டும், அதுதான் அளவு. இது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே லோரியின் கியர் பாக்ஸை நான் இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன். இரண்டாவது தடவை புதுத் தட்டையே கையில் பிடித்துக்கொண்டு முழித்தேன்.

பொமென்களை மட்டும் திட்டிப் பயனில்லை. குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்று எல்லாரும் விரட்டுகிறார்கள். ஆனால் ஏற்றிய கூலி கைக்கு வர மாதக் கணக்கு ஆகிறது. கையில் காசு இல்லாதவன் கடனுக்குச் செய்கிற பட்டறைக்குத்தான் போவான், அங்கே என்ன மாற்றுவது என்பதைக் கடன் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிறோம், பிரேக் பார்க்கிறார்கள், புகை பார்க்கிறார்கள். அந்தத் தாள் கிளட்ச்சுக்கு ஜாமீன் இல்லை.

இவர்களுக்கு நடுவில் "அண்ணே, பாதி விலைக்கு ஒரிஜினல் செட் இருக்கு" என்று பைக்கில் வருகிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள். பழைய தட்டில் புது லைனிங் அடித்து, புதுப் பெட்டியில் போட்டுத் தருவது இந்தப் பக்கம் பெரிய தொழில். தட்டின் நடுவில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குகளை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, நடுத்துளையின் பல்லில் பழைய தேய்மானம் பளபளத்தாலோ அது பழசுதான். பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப் பாகம் விற்கும் கடை) வாங்குவதாவது நேர்மை, பழசு என்று சொல்லித் தருகிறார்கள்.

என்றாவது உண்மையிலேயே கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால், இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பழைய தட்டைக் கையில் வாங்கி நகத்தால் தடவுங்கள். ரிவெட் தலை லைனிங்குக்குள் புதைந்து, நகம் தடுக்கினால் இன்னும் ஆயுள் இருக்கிறது. ஜப்பான் வண்டிக் கையேடுகள் பலவற்றில் அந்தப் பள்ளத்தின் குறைந்த அளவு 0.3 மில்லிமீட்டர். பள்ளம் அதற்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள், கூடவே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றுங்கள். தட்டு எண்ணெயில் நனைந்திருந்தால் இன்ஜின் பின்சீலை மாற்றாமல் புதுத் தட்டைப் பூட்ட விடாதீர்கள்.

நாளைக்கு விரலில் பிசுபிசுப்பு மேலே பட்டதா கீழே பட்டதா என்று பார்த்து எழுதுங்கள். பம்ப் வாங்க அதற்கு அப்புறம் போனால் போதும்.