பரணில் கிடந்த வீடியோ கேம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வீடியோ கேம் செட்டுகளையும் கேசட்டுகளையும் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுச் சென்னை வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு வீடியோ கேம் செட்டும் ஒரு பை நிறைய மஞ்சள் கேசட்டுகளும் கிடைத்தன. 1990-களில் அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்தவை அவை. "எல்லாம் டூப்ளிகேட், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடு" என்கிறார் என் மைத்துனர். இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?
— வாசகர், பெரம்பூர்

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற செட்டை வெளியிட்டது. அதையே வடிவம் மாற்றி 1985-இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்றது. தைவானிலும் பின்னர் சீனாவிலும் இருந்த சிறு தொழிற்சாலைகள் அந்த ஃபேமிகாமைப் பார்த்து நகல் செட்டுகளைச் செய்து உலகமெங்கும் அனுப்பின. நம் தெருக்களில் பிள்ளைகள் விளையாடியவை பெரும்பாலும் இந்த நகல்களே. ஆகவே உங்கள் பரணில் இருப்பது ஒரிஜினல் அல்ல என்பதில் சந்தேகமில்லை. கேசட்டின் அடியில் தெரியும் தகடுகளை எண்ணிப் பாருங்கள். ஃபேமிகாம் வகைக் கேசட்டில் 60 முனைகள் இருக்கும், அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டில் 72 இருக்கும். உங்களுடையதில் 60 இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ஆனால் டூப்ளிகேட் என்பதால் தூக்கிப் போடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரிஜினல் செட்டுகளையும் கேசட்டுகளையும் ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் அட்டைப்பெட்டி, கையேடு சகிதம் பாதுகாத்துப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள், அவை அழிந்துவிடும் என்ற கவலை இல்லை. பர்மா பஜாரில் விற்ற செட்டுக்கும், விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைப் படம் அச்சிட்ட மஞ்சள் கேசட்டுக்கும் அப்படிப் பட்டியல் போட்டு வைத்தவர்கள் மிகக் குறைவு. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-இல் உருவான அந்தக் கடைத்தெரு வழியாகவே இந்த நகரத்தின் ஒரு தலைமுறைக்கு வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் அறிமுகமாயின. பள்ளி விடுமுறையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய கடைகளில் இருந்தவையும், பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தவையும் இந்த நகல்கள்தாம். சென்னையின் விளையாட்டு வரலாற்றை யாராவது எழுத முற்பட்டால் அவருக்குத் தேவைப்படும் சான்று உங்கள் பையில்தான் இருக்கிறது. பணமாகப் பெரிய தொகை கிடைக்கும் என்று நம்பி விற்கப் போகாதீர்கள். செட்டின் மேற்புறம், அடிப்புறம், உள்ளே உள்ள பலகை, ஒவ்வொரு கேசட்டின் லேபிள், டிவியில் தெரியும் பட்டியல் என அனைத்தையும் படம் எடுத்து, எந்த ஆண்டு எங்கே வாங்கப்பட்டது என்று வீட்டார் சொல்வதையும் உடனே எழுதி வையுங்கள்.

செட்டை முதலில் இயக்கும்முன் ஒரு சோதனை அவசியம். பழைய அடாப்டரின் வெளியீட்டை மல்டிமீட்டரில் பாருங்கள். 9 வோல்ட் என்று அச்சிட்ட டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர், சுமை ஏதும் இல்லாதபோது 12 அல்லது 13 காட்டினால் பதற வேண்டாம், அது அந்த வகையின் இயல்பு. செட்டுக்குள் இருக்கும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். அடாப்டர் தொலைந்து புதிது வாங்குவதாக இருந்தால், பின்னின் நடுவில் வருவது பாசிட்டிவா நெகட்டிவா என்பதைச் செட்டின் மீதுள்ள குறியோடு ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். தலைகீழாக மாட்டி உயிரிழந்த செட்டுகள் ஏராளம்.

கேசட்டை வாயால் ஊதிப் போட்டால்தான் படம் வருகிறது. கடற்கரை அருகில் குடியிருக்கிறோம். ஊதுவது தவறா?
— வாசகி, திருவான்மியூர்

தவறுதான். ஊதியதால் படம் வந்ததாக நாம் எல்லோருமே நம்பினோம், ஆனால் பெரும்பாலும் கேசட்டைக் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டியதுதான் வேலை செய்தது. மூச்சிலுள்ள ஈரம் தகட்டில் படிந்து நாளடைவில் அரிப்பை உண்டாக்கும், உப்புக்காற்று வீசும் உங்கள் பகுதியில் அது இன்னும் விரைவாக நடக்கும். நகல் கேசட்டுகளில் தங்க முலாம் மிக மெல்லியது அல்லது இல்லவே இல்லை, அதனால்தான் முனைகள் கறுத்தும் பச்சை பூத்தும் போகின்றன.

ரிச்சி தெருவில் மின்னணு உதிரிபாகம் விற்கும் கடைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, முனைகளின் மீது மேலிருந்து கீழாகத் தேயுங்கள். முதல் குச்சி கரியாக வரும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள், பிறகு நன்றாக உலர விட்டு மாட்டுங்கள். கறை போகாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடலாம். உப்புத்தாள், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேசட்டுகளை மொட்டை மாடியின் வெப்பம் இறங்கும் பரணில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

துப்பாக்கியை வைத்து வாத்து சுடும் விளையாட்டு எங்கள் புதிய எல்.இ.டி. டிவியில் வேலை செய்யவில்லை. எங்கே குறிவைத்தாலும் ஒரு வாத்தும் விழுவதில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
— வாசகர், வில்லிவாக்கம்

துப்பாக்கி நன்றாகவே இருக்கக்கூடும், டிவிதான் பொருந்தவில்லை. இந்தத் துப்பாக்கி எதையும் பாய்ச்சுவதில்லை, அது ஒளியைப் பார்க்கும் ஒரு கண். விசையை அழுத்தியவுடன் விளையாட்டு ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் காட்டும். கறுப்பின்போது இருட்டையும் கட்டத்தின்போது வெளிச்சத்தையும் துப்பாக்கியின் உள்ளே இருக்கும் ஒளியுணரி கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. இரண்டு வாத்துகள் பறந்தால் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும், எந்தக் கட்டத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்துக்குத்தான் அடி. கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடியும் இந்தக் கண்கட்டு வேலையை 1984-இலேயே செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

பழைய பிக்சர் டியூப் டிவி, செட் அனுப்பும் படத்தை அனுப்பிய அதே நேரத்தில் கோடு கோடாக வரைந்துவிடும். எல்.இ.டி. டிவியோ படத்தை வாங்கி, தன் அளவுக்கு மாற்றி, சற்றுத் தாமதித்தே காட்டும், வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது விளையாட்டு தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கும். பல துப்பாக்கிகளின் சுற்று, டியூப் திரையின் துடிப்பை மட்டுமே ஒளியாக ஏற்கும்படியும் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு சிறிய டியூப் டிவியைத் தேடிப் பிடியுங்கள், வீடு மாறுகிறவர்கள் இலவசமாகவே தருவார்கள். அதன் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிவி கிடைத்ததும் இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒற்றை வாத்து பறக்கும் ஆட்டத்தில், ஒருவர் சுடும்போது மற்றவர் ஜாய்ஸ்டிக்கைக் கொண்டு அந்த வாத்தைத் தன் விருப்பப்படி பறக்கவிடலாம். நம் ஊரில் கையேடு இல்லாமல் விற்றதால் பலருக்கு இது தெரியாமலே போய்விட்டது.

கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கிறது. இது எப்படிச் சாத்தியம் என்று என் மகள் கேட்கிறாள்.
— வாசகி, மயிலாப்பூர்

சாத்தியமே இல்லை. அத்தகைய கேசட்டுகளில் இருக்கும் தனித்தனி விளையாட்டுகள் சிலவற்றில் நாலைந்துதான், சிலவற்றில் சில பத்துகள். மீதமெல்லாம் அதே விளையாட்டைக் கூடுதல் உயிர்களோடோ, வேறு கட்டத்திலிருந்தோ தொடங்கவைத்துப் புதுப் பெயர் சூட்டியவை.

ஆனால் உங்கள் மகளுக்கு இன்னொரு கணக்கையும் சொல்லுங்கள். 1985-இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நிரலுக்கு 32, படங்களுக்கு 8. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இத்தனை சிறிய இடத்தில் முப்பத்திரண்டு கட்டங்களை எப்படி அடைத்தார்கள் என்பதற்கு விடை திரையிலேயே இருக்கிறது. மேலே மிதக்கும் வெள்ளை மேகத்தையும் தரையில் நிற்கும் பச்சைப் புதரையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு.

என் அண்ணன் ஜப்பானிலிருந்து ஒரிஜினல் ஃபேமிகாம் அனுப்பியிருக்கிறார். இங்கே அப்படியே மாட்டலாமா? அதில் மாரியோவின் இசை நான் கேட்டு வளர்ந்ததைவிட வேகமாக இருக்கும் என்கிறாரே, உண்மையா?
— வாசகர், அண்ணா நகர்

அதன் அடாப்டரை நம் வீட்டுப் பிளக்கில் நேரடியாக மாட்டவே கூடாது. அது ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இல்லையெனில் நடுப்பின் நெகட்டிவாக உள்ள, 9 முதல் 10 வோல்ட் டிசி தரும், 850 மில்லி ஆம்பியருக்குக் குறையாத அடாப்டரைப் பயன்படுத்துங்கள். ஆன்டெனா வழியாக அது அனுப்பும் படம் ஜப்பானியச் சேனல்களுக்கானது என்பதால், படத்தையும் ஒலியையும் கேபிள் வழியாக நேரடியாக டிவிக்குத் தரும் ஏவி வெளியீடு பொருத்தித் தரும் நல்ல மெக்கானிக் ஒருவரும் தேவைப்படுவார்.

அண்ணன் சொன்னது உண்மை. ஜப்பானியச் செட் வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் நாட்டின் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்காகச் செய்த செட்டுகள் 50 முறைதான் புதுப்பிக்கும். விளையாட்டின் ஓட்டமும் இசையின் தாளமும் அந்த எண்ணிக்கையைப் பின்பற்றியே நடப்பதால், நாம் ஆடிய மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். செட்டில் பழுது ஏதுமில்லை.

சிறுவயதில் கேம் பாய் என்ற கையடக்கச் செட்டில் விளையாடிய போகிமான் கோல்டு கேசட்டில் சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டது. மீட்க முடியுமா?
— வாசகர், கோடம்பாக்கம்

அழிந்ததை மீட்க முடியாது. அந்தக் கேசட்டில் சேமிப்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் சி.ஆர். 2025 என்ற நாணய வடிவ பேட்டரி. அந்த விளையாட்டில் உண்மையான நேரத்தைக் காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தகடு பற்றவைத்த புதிய பேட்டரியை வாங்கிப் பொருத்தினால் மறுபடியும் சேமிக்கலாம். உங்களிடம் சேமிப்பு இன்னும் உயிரோடுள்ள வேறு கேசட்டுகள் இருந்தால், பேட்டரியைக் கழற்றும்முன் கேசட் ரீடர் மூலம் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய நொடியிலேயே பழைய சேமிப்பு போய்விடும்.

சென்னையில் பழைய கேசட்டுகளை எங்கே தேடலாம்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?
— வாசகர், தாம்பரம்

உங்களுக்குப் பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய மின்னணுச் சாமான்கள் குவிந்திருக்கும் பகுதியில், அறுந்த ஒயர்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவே ஜாய்ஸ்டிக்கோ கேசட்டோ எப்போதாவது தென்படும். வெயில் ஏறும்முன் போய்விடுங்கள். உறவினர் வீட்டுப் பரண்களும் நல்ல இடமே, கேட்டால் கொடுக்க மனமுள்ளவர்கள் பலர்.

நகலை நகலென்று தெரிந்து வாங்குவதில் இழப்பில்லை, ஒரிஜினல் விலை கொடுத்து நகலை வாங்குவதுதான் இழப்பு. லேபிள் புத்தம் புதிதாகப் பளபளத்து, பிளாஸ்டிக் மட்டும் பழையதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரிஜினல் நின்டெண்டோ கேசட்டின் பலகையில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும், சிப்புகள் பெரும்பாலும் தனித்தனியாகத் தெரியும். மலிவான நகலில் சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திறந்த பலகையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் ஒரிஜினல் என்ற பெயரில் எதையும் வாங்காதீர்கள்.